கூண்டோடு தாய்வீடு

ஓய்வு என்றால் என்ன என்று கடத்தூரில் யாருக்காவது சந்தேகம் வந்தால் பச்சியப்பனைத்தான் கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து, புறப்படுகிற பஸ்களுக்கெல்லாம் விசில் ஊதிவிட்டு, தான் மட்டும் எங்கும் போகாமல் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அந்தக் களைப்பு தீர அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. வந்தவர் குருவி வளர்க்க ஆரம்பித்தார். இப்போது ஓய்வைப் பற்றி வாயைத் திறந்தால் ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டார். பேச்சு முழுக்கக் குருவிகளின் ஓய்வைப் பற்றியதாக இருக்கும்.

அவர் மனைவி சென்னம்மாளுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். பச்சை, நீலம், மஞ்சள் என்று கூண்டு கூண்டாக இருக்கும் அந்தக் குருவிகளை ஊரில் எல்லாரும் லவ் பேர்ட்ஸ் என்பார்கள். அப்படிச் சொன்னால் அவருக்குச் சுர்ரென்று ஏறும். "லவ் பேர்ட்ஸ் வேற, இது பட்ஜி" என்று ஆரம்பித்து, வந்தவர் வந்த வேலையை மறக்கும்வரை விடமாட்டார். பெட்டை இரண்டு ஈடு குஞ்சு எடுத்ததும் கூண்டிலிருந்து மண்பானையைக் கழற்றிவிட வேண்டும். பானை இருக்கும்வரை அது முட்டை வைத்துக்கொண்டே இருக்கும், வைத்து வைத்தே செத்துப்போகும். அதனால் சேவலை ஒரு பக்கம், பெட்டையை ஒரு பக்கம் பிரித்து, மூன்று மாதம் வெறும் தினையும் தண்ணீரும் கொடுத்துச் சும்மா விட வேண்டும். "பொட்டைக்கு ஒடம்பு தேறணும்ங்க. அது என்னா மெஷினா? உசுருங்க" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அந்த நேரத்தில் சென்னம்மாள் பெரும்பாலும் கூண்டின் அடித்தட்டை இழுத்துவைத்து எச்சம் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் ஆனி மாதம் அவளுக்கு ஆபரேஷன் ஆனது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா பச்சியப்பனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துத்தான் சொன்னார். மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, நல்ல ரெஸ்ட் வேண்டும். பச்சியப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ரெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிபுணரின் மதிப்புகூடத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அவள் மெதுவாக நினைவுபடுத்தினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கிறது என்றாள்.

"ரெஸ்ட்டுன்னா என்னாடி? வூட்டுக்குள்ளாறயேதான இருக்கற? வெயில்ல போயி கல்லு ஒடைக்கவா சொன்னேன்?" என்றார் அவர். குடம் தூக்குவதும் எச்சம் சுரண்டுவதும் அவர் கணக்கில் வேலை இல்லை. அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசினால் அவர் குருவியை உதாரணம் காட்டுவார், அந்த நேரம் அவள் கையில் என்ன இருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்ற பயம் அவளுக்கே இருந்தது.

ஆடி பிறந்ததும் பெட்டைகள் இரண்டாவது ஈடு முடித்தன. பச்சியப்பன் நீலப் பெட்டையைக் கையில் பிடித்து, நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார். அதுதான் கூட்டத்திலேயே மூத்தது.

"பாரு, எப்படி எளச்சுப் போயிருக்குது. கண்ணுல ஒளியே இல்ல. நிக்கக்கூட முடியல பாரு, பாவம்."

சென்னம்மாள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். குருவி அவளைவிடத் தெளிவாகத்தான் நின்றது.

ஓய்வு கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறை. போன வருஷம் முன்னறையில் சேவல்களையும் சமையலறையில் பெட்டைகளையும் பிரித்து வைத்தார்கள். சேவல்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தக் கத்த, பெட்டைகளுக்கு ஓய்வு எங்கே கிடைக்கும்? பானையும் இல்லாமல் ஜோடியும் இல்லாமல், கூண்டின் அடித்தட்டிலேயே முட்டை போட ஆரம்பித்துவிட்டன. பச்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ரெஸ்ட்டே கெட்டுப்போச்சு. திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று, ஓய்வு நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். சேவலின் சத்தம்கூடப் பெட்டையின் காதில் விழக்கூடாது என்று பிறகு ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"காரிமங்கலத்துல உன் தம்பி வூட்ல மாடி ரூமு சும்மாதான கெடக்குது?" என்றார் இந்த வருஷம். "பொட்டைங்களைக் கொண்டுபோயி அங்க வெச்சரலாம். மூணு மாசம் நிம்மதியா இருக்கட்டும்."

"யாரு பாத்துக்குவாங்க?"

"நீதான். அவங்களுக்கு என்னா தெரியும் இதப்பத்தி?"

சென்னம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. படித்த டாக்டரம்மா சொல்லி நடக்காதது, ஒரு கைப்பிடி கூட இல்லாத நீலக் குருவி சொல்லி நடந்துவிட்டது. தம்பி வீட்டில் குடம் தூக்க வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் மாடியிலேயே தண்ணீர் வரும். பெட்டைகளுக்கு மூன்று மாதம் என்றால் அவளுக்கும் மூன்று மாதம். கணக்கு அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது: பெட்டைகளின் ஓய்வு இருக்கும்வரைதான் அவளுடைய ஓய்வு. அதுகளின் மூக்கின் மேலிருக்கும் வெளிறிய தசை பழுப்பாக மாறினால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பச்சியப்பன் வந்து நிற்பார், குருவிகளோடு அவளும் கிளம்ப வேண்டியதுதான்.

தம்பி மாதேஷ் வந்து கூண்டைத் தூக்கிக்கொண்டான். பழைய வேட்டியைக் கூண்டின்மேல் போர்த்தி, தருமபுரியில் பஸ் மாறிப் போனார்கள். ஆடி மாதம் என்பதால் பஸ்ஸில் புதுப்பெண்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா விசாரித்தாள்.

"ஆடிக்கு அழைச்சிட்டுப் போறீங்களா? பொண்ணு எங்க?"

"நான்தாங்க பொண்ணு" என்றாள் சென்னம்மாள். "கூண்டுக்குள்ள இருக்கறவங்கள்லாம் தோழிப் பொண்ணுங்க."

கல்யாணமான முதல் வருஷம் ஆடிக்கு அவளை அழைத்துப்போக அப்பா வந்தபோது, வீட்டில் வேலை கிடக்கிறது என்று மாமியார் அனுப்பவில்லை. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பாக்கி தீர்ந்தது. அதற்கும் குருவிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மாதேஷின் மனைவி கலைமதி கெட்டிக்காரி. நாத்தனார் படியேறும் விதத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "அண்ணி, நீங்க ஒண்ணும் தொடக் கூடாது. சாப்புடுங்க, தூங்குங்க, குருவிக்குத் தினை போடுங்க. அவ்வளவுதான்" என்றாள். சூடான களியும் கீரைக் குழம்பும் தட்டில் வந்தன. உட்கார்ந்தபடி, ஆறிப்போவதற்குமுன் சாப்பிடும் களிக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்பது சென்னம்மாளுக்கே மறந்துபோயிருந்தது. மத்தியானம் பாயில் படுத்தாள். கண் அசந்தது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது, யாரும் அவளைத் திட்டவில்லை. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சோகம் ஒன்றுமில்லை. சந்தோஷத்துக்கு அழுதுதான் தீர வேண்டும் போலிருந்தது.

பக்கத்து வீட்டு வஹிதா சாயங்காலங்களில் மாடிக்கு வந்துவிடுவாள். அவள் கணவர் சர்தார் சந்தைச் சந்தையாகப் போய் வளையல் கடை போடுகிறவர். வஹிதாவும் கலைமதியும் சென்னம்மாளும் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பெட்டைகள் தினையைக் கொறித்துவிட்டு, இறகைக் கோதிக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்தன. காரிமங்கலத்துச் சந்தை கூடும் நாளில் மூன்று பேரும் மெதுவாக நடந்து போய்ப் பெட்டைகளுக்குத் தினையும் தங்களுக்குப் பொரியும் வாங்கி வந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, போன் ஒன்றைத் தவிர.

பச்சியப்பன் காலையில் கூப்பிடுவார், குளித்துவிட்டுக் கூப்பிடுவார், சாப்பிடும்முன் கூப்பிடுவார், சாப்பிட்டதும் கூப்பிடுவார். போனைக் காதில் வைத்துப் பேசினால் மூளை சூடாகும் என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. அதனால் சேவல் கூண்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனை எட்டத்தில் பிடித்து ஸ்பீக்கரில்தான் கத்துவார். அவர் கத்துவதற்கு மேல் சேவல்கள் கத்தும்.

"பொட்டைங்க எப்படி இருக்குது?" என்பது முதல் கேள்வி. "தண்ணி மாத்தினியா? எச்சம் என்னா கலர்ல இருக்குது?" என்பவை அடுத்த கேள்விகள். கடைசியில், போனை வைக்கப் போகிற நேரத்தில், "ஆமா, மொளகாத்தூளு எங்க வெச்ச?" என்பார். மறுநாள் பெருங்காயம். அதற்கு மறுநாள் மறுபடியும் மிளகாய்த்தூள். சமையலறைக்குள் அவர் இத்தனை வருஷமாக விருந்தாளியாகத்தான் போய்வந்தார் போலிருக்கிறது. வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் போன் அடிக்கும்போது, இன்றைக்காவது கேட்பாரா என்று பார்த்துப் பார்த்து, தன்னையே திட்டிக்கொள்வாள்.

பெட்டைகளின் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் என்று உத்தரவு. அதனால் அவளும் போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போடுவாள். கொஞ்ச நாளில் அவள் ஒன்றைக் கவனித்தாள். போனிலிருந்து சேவல்களின் கூச்சல் வந்ததும், அதுவரை தூங்கி வழிந்த பெட்டைகள் எல்லாம் பறந்து வந்து கம்பியில் ஒட்டிக்கொள்கின்றன. தலையை ஆட்டுகின்றன. கழுத்தை நீட்டிப் பதில் கத்துகின்றன. போனை வைத்த பிறகும் வெகுநேரம் நிலைகொள்ளாமல் கம்பியைக் கடிக்கின்றன.

நேர்மையாகத்தான் அவள் அதை அவரிடம் சொன்னாள்.

"என்னாங்க, நீங்க போன் பண்ணும்போது சேவலுங்க சத்தம் இங்க கேக்குது. பொட்டைங்க சும்மா இருக்க மாட்டேங்குது. கொஞ்சம் வெளிய வந்து பேசுங்களேன்."

"ஏய், போன்ல வர்றது டிஜிட்டல் சத்தம். மனுசனுக்குத்தான் அது கேக்கும். குருவிக்கு நெசம் எது, போன் எதுன்னு தெரியாதா? எனக்கே பாடம் எடுக்கறியா? உனக்கு என்னா தெரியும் இதப்பத்தி?"

அவளுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் போன வருஷம் அடித்தட்டில் முட்டை விழுந்ததும் அவர் நாட்களை முதலிலிருந்து எண்ணியது மட்டும் நன்றாக நினைவிருந்தது. தையல் போட்ட இடம் இன்னும் முழுசாக ஆறவில்லை. கடத்தூரில் குடமும் அடித்தட்டும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ரெஸ்ட் கெட்டால் மறுபடியும் மூன்று மாதம்.

அன்றிலிருந்து அவள் போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. கூண்டின்மேலேயே வைத்தாள். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்தாள். அவர் பேச்சை முடிக்கப் பார்த்தால், "சேவலுங்க தீனி திங்குதுங்களா? அந்த மஞ்சச் சேவலு எப்படி இருக்குது?" என்று இவளே பேச்சை வளர்த்தாள். மனைவிக்குக் குருவிமேல் வந்துவிட்ட அக்கறையைக் கண்டு பச்சியப்பனுக்கு ஏகப்பட்ட பெருமை. தான் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று பக்கத்துக் கடைக்காரன் குரு என்பவனிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாராம்.

ஆவணியில் அடித்தட்டில் முதல் முட்டை கிடந்தது. சென்னம்மாளுக்குக் குஷி தாங்கவில்லை. அடுத்து இரண்டு, பிறகு இன்னும் கொஞ்சம். பச்சியப்பனிடம் இதை எப்போது சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்று அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் தூங்கி எழுந்தவள், நீலப் பெட்டை கூண்டின் அடியில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இறகெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி, மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. முட்டை உள்ளே அடைத்துக்கொண்டது. வயசான உடம்பு, தெம்பு இல்லை, வெளியே தள்ள முடியவில்லை. சென்னம்மாள் அதைத் துணியில் சுற்றி எடுத்தாள். கலைமதி ஓடிப்போய்ப் பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்து வந்து மாட்டினாள். விளக்கின் சூட்டில் வைத்து, அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, சென்னம்மாள் கையில் ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தாள். குருவியின் நெஞ்சு அவள் விரலுக்குள் படபடவென்று அடித்தது.

"நான்தாண்டி பாவி" என்றாள் அதனிடம். "அந்த மனுசனுக்கு வெச்சது உம்மேல வந்து விடிஞ்சிருச்சு. நீ எனக்கு என்னாடி பண்ண? உன்னாலதான் நான் மத்தியானத்துல தூங்கறேன்."

தன்னைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவிக்கிற ஒன்றைத் தன் ஓய்வுக்காகத் தானே வாட்டிவிட்டோம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. பச்சியப்பன் செய்ததற்கும் தான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது. அவராவது தெரியாமல் செய்தார். சாயங்காலம் தோல் கெட்டியாகாத ஒரு முட்டை எப்படியோ வெளியே வந்து விழுந்தது. நீலப் பெட்டை கண்ணைத் திறந்தது. சென்னம்மாள் எழுந்து போனை எடுத்து ஸ்விட்ச் ஆஃப் செய்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டாள். இனி முட்டையும் வேண்டாம், தந்திரமும் வேண்டாம். மூக்கு பழுப்பாகிறபோது ஆகட்டும், போகிறபோது போகலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் முழுக்க பச்சியப்பன் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கலைமதிக்கோ மாதேஷுக்கோ கூப்பிடலாம் என்று ஒரு டைம் கீப்பருக்குத் தோன்றவில்லை. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வியர்க்க விறுவிறுக்க மாடிப்படி ஏறி வந்து நின்றார். இந்த ஆளை ஒரு பஸ் ஏற்றிக் கொண்டுவந்து இறக்க ஒரு போனை அணைத்தால் போதும் என்று தெரிந்திருந்தால், அவள் இதை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே செய்திருப்பாள். அவர் முகம் வெளிறியிருந்தது. சென்னம்மாளுக்கு ஒரு கணம் மனசு இளகிவிட்டது. நமக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துதான் ஓடிவந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"பொட்டைங்க நல்லாருக்குதா?" என்றார்.

இளகிய மனசு உடனே பழையபடி இறுகிக்கொண்டது. "போயிப் பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தார். அடித்தட்டில் முட்டைகள். பச்சியப்பன் போட்ட சத்தத்தில் கீழே இருந்த மாதேஷ், கலைமதி, துணி காயப்போட வந்த வஹிதா எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"எங்கியோ சேவல் இருக்குது! பக்கத்துல எவனோ சேவல் வெச்சிருக்கான்! சத்தம் கேக்காம முட்டை வராது!" என்று மொட்டைமாடி முழுக்க நடந்தார். கைப்பிடிச் சுவரில் எக்கி நாலு வீட்டுக் கொல்லையையும் எட்டிப் பார்த்தார். வஹிதாவிடம் திரும்பினார். "ஏம்மா, உங்க வூட்ல எதாச்சும் சேவல் கீவல் வளக்கறீங்களா?"

"எங்கூட்ல இருக்கற ஒரே சேவல் எங்கூட்டுக்காரர்தான் அண்ணா" என்றாள் வஹிதா. "அவரும் காலையிலேயே சந்தைக்குப் போயிட்டாரு."

கலைமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பச்சியப்பன் மூச்சு வாங்கக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கு வீட்டில் விட்டுவந்த சேவல்களின் ஞாபகம் வந்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரன் குருவிடம் சாவி கொடுத்துவிட்டு வந்திருந்தார். போனை எடுத்தார், எண்ணைத் தட்டினார், வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு மூளை சூடாகாத தூரத்தில் பிடித்தார்.

"குரு, சேவலுங்களுக்குத் தண்ணி வெச்சியா?"

"இப்பதான் வெச்சேங்க மாமா, கூண்டுகிட்டதான் நிக்கறேன்" என்று குருவின் குரல் வந்தது. கூடவே கடத்தூரிலிருந்து அத்தனை சேவல்களின் கூச்சலும் வந்தது.

பெட்டைகள் பாய்ந்தன. இருந்த குச்சியைவிட்டு எல்லாம் ஒரே நேரத்தில் பறந்து வந்து, போன் இருந்த பக்கத்துக் கம்பியில் வரிசையாகத் தொங்கின. தலையை ஆட்டின. கத்தின. கீழே துணிமேல் படுத்திருந்த நீலப் பெட்டைகூட முக்கி முனகி எழுந்து இரண்டடி வைத்துப் பார்த்தது.

பச்சியப்பன் போனை அணைத்தார். பெட்டைகள் கொஞ்ச நேரத்தில் அடங்கின. மறுபடி கூப்பிட்டார். மறுபடி பாய்ந்தன. நிபுணர் அல்லவா, மூன்றாவது தடவையும் சோதித்துப் பார்த்தார். அதன்பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எச்சம் கிடந்த தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னேங்க" என்றாள் சென்னம்மாள். "டிஜிட்டலுன்னீங்க."

கூண்டின்மேல் போனை வைத்த கதையை அவள் சொல்லவில்லை. குருவியிடம் மன்னிப்பு கேட்டாயிற்று, அது போதும் என்பது அவள் எண்ணம்.

"திரும்ப மொதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் அவர், யாருக்கோ சொல்வதுபோல. பிறகு நீலப் பெட்டையைத் துணியோடு எடுத்தார். எடுக்கும்போது அவர் கை அப்படி மெதுவாகப் போனது. நெஞ்சைத் தடவினார், கண்ணைப் பார்த்தார், தலையில் ஒரு விரலால் நீவிவிட்டார். "இதுக்கு இனிமே பானை வேணாம். எத்தினி ஈடு குஞ்சு எடுத்துருச்சு, போதும். இனி இது ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருந்துட்டுப் போவட்டும். வேளைக்குத் தீனி போட்டு நல்லாப் பாத்துக்க."

சென்னம்மாளுக்கு அந்தக் குருவியின் மேல் பொறாமை வந்தது. கைப்பிடி அளவுகூட இல்லாத உயிரின் மேல், அதுவும் முந்தாநாள் மரணத்தின் வாசலில் இருந்ததன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்தக் குரலை அவள் தன் பக்கம் திரும்பி ஒரு நாளும் கேட்டதில்லை. தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து சொல்லிவிட்டாள்.

"எனக்கும் வயித்தைக் கிழிச்சுத்தாங்க தெச்சாங்க. டாக்டரம்மா உங்ககிட்டதான் சொன்னாங்க. எனக்கு ஒருத்தரும் பானையக் கழட்டல."

பச்சியப்பன் நிமிர்ந்தார். அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் மிகை இல்லை. குருவி இளைத்தால் நெஞ்செலும்பைத் தடவிக் கண்டுபிடிக்கிறவருக்கு, எதிரில் நிற்கிறவளின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குவது இப்போதுதான் தெரிந்தது போல.

கலைமதி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் வேண்டாம் என்றார். நீலப் பெட்டையைச் சென்னம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று படியிறங்கிப் போனார். காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த போனை எடுத்துச் சென்னம்மாள் உயிர் கொடுத்தாள். அன்று அது அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. பெட்டைகள் நிம்மதியாக இறகு கோதின. அவளும் மத்தியானம் தூங்கினாள், ஆனால் இரண்டு மூன்று தடவை விழித்துப் போனைப் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன்னை நன்றாகத் திட்டிக்கொண்டாள். வாய் இருக்கிறதே என்று சொல்லிவிட்டோம், ஆம்பளைக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் போன் அடித்தது. கூண்டிலிருந்து விலகி, மாடிப்படிக்கு வந்து எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு சேவலின் சத்தம்கூட இல்லை. ஹாரன் சத்தம், "தருமபுரி, தருமபுரி, ஏறு ஏறு" என்று எவனோ கத்துகிற சத்தம், எங்கோ ஒரு விசில். பச்சியப்பன் போனில் பேசுவதற்காக வீட்டை விட்டுக் கிளம்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்திருந்தார்.

"நாந்தான்" என்றார். குரல் தெளிவாக, மிக அருகில் கேட்டது. போனைக் காதில் வைத்துப் பேசுகிறார் என்று புரிந்தது. மூளை சூடாகட்டும் என்று விட்டுவிட்டார் போல.

"சொல்லுங்க."

"தையல் போட்ட எடம் எப்படி இருக்குது?"

சென்னம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக எதிர்பார்த்த கேள்வி ஒருவழியாக வந்துவிட்டது. "பரவால்லீங்க" என்றாள். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. அந்தப் பக்கம் பஸ் கிளம்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பழகிப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"பொட்டைங்களும் நல்லாருக்குதுங்க. நீலப் பொட்டைகூட எழுந்து தினை திங்குது."

"நான் அதைக் கேக்கலியே" என்றார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், பஸ் நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்களைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்திருப்பாள். அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்புறம் வந்து... அந்த மொளகாத்தூளு..."

சென்னம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீரோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கீழே கலைமதி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்ற மனிதரும் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே லேசாகச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் கவனித்தாள். வயிற்றின்மேல் கை இல்லை. அவ்வளவு குலுங்கியும் தையல் போட்ட இடம் இழுக்கவில்லை. வலி சுத்தமாகப் போயிருந்தது.

"அடுப்புக்கு மேல, ரெண்டாவது தட்டுல, செவப்பு மூடி டப்பா" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொட்டைங்களுக்கு ரெஸ்ட்டு முடிய இன்னும் நாள் இருக்குதுங்க. எனக்கும்தான்."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல" என்றார் பச்சியப்பன்.

வலி போய்விட்டது என்பதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை.